சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பியவள்

சலவைக்கூடத்தில் ஈரத்தோடு வருகிற படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக இஸ்திரி உருளைக்குள் கொடுக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று, ஓர் உதறு உதறி, மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விடவேண்டும். முந்தி விட்டால் துணி கோணிக்கொள்ளும். பிந்தி விட்டால் விரல் வெந்துபோகும். வெகு காலமாக எனக்கு எதிர்முனை பிடிக்கிறவளின் கதை இது. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, ஆனா என்னைப் பெரிய பரிசுத்தவாட்டியா எழுதிடாதீங்க, அப்புறம் என்னால வெளியில சண்டை போட முடியாது" என்றாள்.

தாய் இல்லாமல் சித்தியிடம் வளர்ந்தவள். சித்தி நல்லவள்தான், ஆனால் ஐந்து பிள்ளைகளுக்கு நடுவில் ஆறாவதாக வளர்ந்தவளுக்குத் தன் பங்கைத் தானே பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. சலவைக்கூடத்துக்கு வந்தபோது கூடை தள்ளும் வேலை. கூடை அவளைவிட உயரம். கூடை தானாக நகர்ந்து வருகிறது என்று எல்லோரும் கேலி செய்வோம்.

அவளுடைய புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் நடந்ததே லிஃப்டால்தான். எங்கள் சரக்கு லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவள், துணிக்கூடையோடு. பயந்து அலறுவாள் என்று நாங்கள் பதற, உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. கோயிலில் பாடுகிற கீர்த்தனையை முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக் வந்து கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு!"

"யாரு யாரு?"

"நானும் கர்த்தரும்!"

கம்பியைப் போட்டு நெம்பிக் கதவைத் திறந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரைத்தான் காணோம். நீங்க பாடின பாட்டைக் கேட்டு இறங்கிப் போயிட்டாரோ என்னவோ" என்றார். அன்றைக்கு அவள் முறைத்த முறைப்பில் துணி காய்ந்திருக்கும். அடுத்த வருஷம் அவருக்கே வாழ்க்கைப்பட்டாள்.

அவர் கோயிலுக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், அதிகம் பேசமாட்டார். அவளுக்கு அவர் வைத்த பெயர் விடாக்கண்டி. கறை போகாத விரிப்பை மூன்று தரமானாலும் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவாள். சண்டையிலும் அப்படித்தான், ஜெபத்திலும் அப்படித்தான். பிள்ளைக்காக வருஷக்கணக்கில் முழங்காலில் நின்றாள். பிள்ளை வரவில்லை. முழங்கால் போடுவதை அவள் விடவும் இல்லை.

ஒரு மத்தியானம், வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்கு மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, கால் வைத்த பலகை புரண்டு அவர் உள்ளே விழுந்துவிட்டார். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகெலும்பில் அடி, இனி நடப்பது ரொம்பக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "முடியாதுன்னு டாக்டர் சொல்லலக்கா. கஷ்டம்னுதான் சொன்னார். கஷ்டத்தை எல்லாம் யார்கிட்ட கொண்டு போகணும்னு எனக்குத் தெரியாதா?"

கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது, "ஊரையே மேலயும் கீழயும் அனுப்பினவன் வீட்டுக்கு லிஃப்ட் இல்ல பாருங்க. மருந்துக்கடைக்காரன் பிள்ளைக்குத்தான் இருமல் நிக்காது" என்று அவரே சிரித்தார். கட்டிலில் கிடத்தியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் வழியாக எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். மாதக்கணக்கில் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவர் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று போதகர் கேட்டதும் இவள் எழுந்தாள். "என் வீட்டுக்காரர் தன் காலால நடந்து, அந்தப் படி இறங்கி, இந்தக் கோயிலுக்குள்ள வருவார். அதுவரைக்கும் நான் வேற எதையும் கேக்கமாட்டேன், வேற எதையும் ஏத்துக்கவும் மாட்டேன்" என்றாள். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நானும்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்குழு அவர்கள் வீட்டுக்குப் போனது. ஜெபக்குழுவை நடத்துகிற அக்கா அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மனம் உருகி ஜெபிப்பார். மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி வந்து ஜெபித்த அம்மாள் அவர். அந்த அன்பில் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் நாற்காலி வந்தது. அவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் மீசைக்காரர். பட்டறைக்கு மூத்தவர், மீசை அவருக்கு அரை முழம் முன்னால் நடக்கும். மூச்சு வாங்க வாசலில் அதை இறக்கி வைத்தார்.

இவள் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. இது உள்ள வரக்கூடாது."

"ஏம்மா? சக்கரத்தை எல்லாம் துடைச்சுத்தான் கொண்டு வந்தோம்."

"அது இல்லண்ணே. நடக்க வைங்கன்னு காலையில கர்த்தர்கிட்ட கேட்டுட்டு, சாயங்காலம் இதை வாங்கி வச்சா என்ன அர்த்தம்? நீங்க செய்யமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்னு அவர் முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி ஆகாதா?"

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். "அவருக்கு அப்படியெல்லாம் கோவம் வருமா தங்கச்சி? நாற்காலிதானேம்மா, பேயா பிசாசா?"

உள்ளேயிருந்து அவள் புருஷன் குரல் வந்தது: "விடுண்ணே. எம்பொண்டாட்டிகிட்ட கடவுளே வாக்குவாதம் பண்ணமாட்டார். தூக்கிட்டுப் போ."

வந்த வழியே நாற்காலி இறங்கிப் போயிற்று. அது படியில் இடிக்கிற சத்தம் கீழே போய்ச் சேருகிறவரை அவள் அசையாமல் நின்றாள் என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். வேலைக்கு வருமுன்னும் முடிந்து போனபின்னும் அவரைத் துடைத்து, புரட்டி, விரிப்பு மாற்றுவாள். அவள் போடுகிற விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. தட்டினால் தப்பட்டை மாதிரி சத்தம் வரும். அப்படியிருந்தும் அவர் முதுகுக்குக் கீழே புண் வந்துவிட்டது. நாளுக்கு நாள் ஆழமாயிற்று, காய்ச்சலும் சேர்ந்தது. நான் சாப்பாடு கொண்டுபோயிருந்த ஒரு நாள், வீட்டுக்கு வந்து கட்டுப் போடும் நர்சம்மாவும் அங்கே இருந்தாள்.

"விரிப்புல குத்தம் சொல்ல முடியாதும்மா" என்றாள் நர்சம்மா. "ஆனா மனுஷனை எந்நேரமும் அதுமேலயே போட்டு வச்சா விரிப்பு என்ன செய்யும்? உக்கார வைக்கணும். எடத்தை மாத்திக்கிட்டே இருக்கணும். வெளியில கொண்டு போகணும். புண்ணைவிட எனக்கு இவர் சாப்பிடாம கிடக்கிறதுதான் பயமா இருக்கு. இப்படியே விட்டா நாம இவரைக் காப்பாத்த முடியாது."

நர்சம்மா போனதும் நான் பாத்திரம் கழுவ அடுக்களைக்குள் போனேன். நடுவில் ஒரு திரைதான். பேச்சு கேட்டது.

"ஏங்க, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"வேணாம்."

"நம்பிக்கையை விடாதீங்க."

"நான் எங்க விட்டேன்? நீதான் பிடிச்சு உக்காந்திருக்க." பிறகு அவர் கேட்டார்: "உங்க போதகர் கண்ணாடி போடாம வசனம் வாசிப்பாரா?"

"மாட்டார். அதுக்கென்ன இப்ப?"

"அவர் கண்ணுக்காக யாரும் ஜெபிக்கலையா? ஜெபிச்சுட்டு கண்ணாடியும் போட்டுக்கிறார்ல? அவர் விசுவாசம் ஒண்ணும் குறைஞ்ச மாதிரி தெரியலையே."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் கடைசிவரைக்கும் நடக்கலேன்னா, அவர் உனக்குத் தேவன் இல்லையா?"

நான் குழாயை மூடிவிட்டு நின்றேன். அவள் என்ன சொல்வாள் என்று கேட்க எனக்கே பயமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள், என்னைத் தாண்டிப் போய் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

மறுநாள் உருளைக்கு முன்னால் நின்றோம். உதறினோம், மூலை பார்த்தோம், நான் கையை விட்டேன். அவள் விடவில்லை. துணி கோணி, உருளைக்குள் சுருண்டு, டர்ரென்று நடுவே கிழிந்தது. அவள் கையில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததே கிடையாது. மேஸ்திரி ஓடிவந்து மிஷினை நிறுத்தினார். "என்னம்மா, நின்னுக்கிட்டே தூக்கமா? கை போயிருக்கும்!"

அவள் பேசாமல் மடித்த துணிகளை அடுக்குகிற அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சூடு ஆறாத விரிப்புக் கட்டுகளுக்கு நடுவில் முழங்காலில் இருந்தாள். அன்றைக்குத்தான் அழுதாள். விபத்து நடந்த நாளிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே பேசினாள்.

"அக்கா, கர்த்தருக்கு ஒரே ஒரு கதவைத் திறந்து வச்சுட்டு, இது வழியாத்தான் நீங்க வரணும்னு வாசல்ல காவல் உக்காந்துட்டேன். அவர் வேற பக்கமா வந்து தட்டினாரு. மீசைக்கார அண்ணனைக் கூட்டிக்கிட்டு மூணு மாடி ஏறி வந்தாரு. நான் மறிச்சு நின்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"அப்போ நடக்கணும்னு ஜெபிக்கிறதை விட்டுடப் போறியா?"

"ஏன் விடணும்? அவர் செய்வார்னா செய்யட்டும். செய்யலேன்னாலும் அவர்தான் எனக்கு. நேத்து என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு ராத்திரி முழுக்க எனக்குப் பதில் வரலக்கா. இப்பத்தான் வருது." எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். "வாங்க. வேலை கிடக்கு."

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் சீருடையோடு பட்டறைக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. மீசைக்காரர் எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த நாற்காலியைக் கொடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கொடுக்கலாம்மா. ஆனா அது இப்ப சும்மா இல்ல. எங்க வாட்ச்மேன் அதுல தூங்கிப் பழகிட்டான். எழுப்பறதுதான் கஷ்டம்."

"நான் எழுப்பறேன்."

எழுப்பினாள். அந்த மனிதர் எழுந்த வேகத்தைப் பார்த்து மீசைக்காரர், "அற்புதம்னா இதுதான்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உன் புருஷனுக்குக் கை நல்லாத்தான் இருக்கு. பட்டன் பெட்டி, கன்ட்ரோல் பெட்டி எல்லாம் பிரிச்சு மாட்ட அவனை விட்டா இங்க ஆள் இல்ல. வந்து உக்காந்தா போதும். அவனுக்குன்னு ஒரு மேசை காலியாவே கிடக்கு."

"வருவார்" என்றாள்.

அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடைந்த கட்டிலும் காலி பெயின்ட் டப்பாவும் போட்டு வைத்த ஓர் அறை இருந்தது. கட்டடச் சொந்தக்காரரிடம் பேசி, மேல்வீட்டுக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கினாள். விடுமுறை நாளில் சலவைக்கூடப் பெண்கள் எல்லோரும் போய்த் துடைத்து, சுண்ணாம்பு அடித்தோம். இனி அவரைக் கீழே கொண்டுவர வேண்டும். அந்தப் படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் ஸ்டிரெச்சர் வளையாது. வந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் முதுகைத் தாங்கிப் படாத பாடுபட்டுத்தான் ஏற்றினார்கள். இப்போது புண் இருக்கிறது, அப்படித் தூக்க முடியாது.

"துணியிலதான் தூக்கணும்" என்றாள். "நமக்குத் தெரியாத துணியா?"

கிழிசலுக்கு ஒதுக்கிய கெட்டி விரிப்புகளில் நல்லதாக இரண்டைக் கேட்டு வாங்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பக்கங்களைக் கையடக்கமாகச் சுருட்டித் தைத்தாள். பக்கத்துக்கு மூன்று பேர். சாப்பாட்டு நேரத்தில் சோப்புத்தூள் மூட்டையை அதில் போட்டு, சலவைக்கூடப் படியில் ஏறி இறங்கிப் பழகினோம். மூட்டை ஒருதரம் உருண்டு கீழே விழுந்து வெடித்தது.

"உன் வீட்டுக்காரர் நுரை தள்ளிட்டார்டி!" என்றாள் எங்களில் குண்டம்மா என்கிறவள்.

"இன்னொரு மூட்டை எடு" என்றாள் இவள். விழாமல் வருகிறவரை விடவில்லை.

அவரிடம் சொன்னபோதுதான் பிரச்சினை வந்தது. பெண்கள் தூக்கி இறக்குவதா என்று வெட்கப்படுவார் என்று நினைத்தோம். அது இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. குழிக்குள் விழுந்தவர் அல்லவா, படிக்கட்டு என்றதுமே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். என்னை இங்கயே விட்டுடு."

அவள் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. இப்ப சொல்றேன். நீங்க கடைசிவரைக்கும் நடக்கலேன்னாலும் அவர்தான் எனக்குத் தேவன். நீங்கதான் எனக்குப் புருஷன். ரெண்டு பேரையும் நான் விடப்போறதில்ல. பயமா இருந்தா பயத்தோடயே வாங்க."

அவர் வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியையே பார்த்தார். பிறகு, "அப்ப தலைப்பக்கம் நீதான் பிடிக்கணும்" என்றார்.

இறக்குகிற நாள் வந்தது. குண்டம்மாவுக்குக் காலையில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஓர் ஆள் குறைந்தது. கீழே மீசைக்காரர் நாற்காலியோடு நிற்கிறார். அந்த நேரம் பார்த்து ஜெபக்குழு அக்கா வந்தார். வாசலில் நாற்காலியைப் பார்த்திருக்கிறார். படியேறி வந்தவர் முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, தளர்ந்துட்டியா?"

"இல்லக்கா. எடம் மாத்திப் பிடிச்சிருக்கேன்."

அக்கா அவரைப் பார்த்தார். ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். கட்டுப் போட்டிருந்த முதுகைப் பார்த்தார். மூட்டுவலிக்காரர், கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "எந்தப் பக்கம் ஆள் குறையுது?" என்று கேட்டார்.

ஒரே உதறலில் துணியைச் சமமாக்கி அவரைத் தூக்கினோம். கால் முன்னால், தலை பின்னால். முதல் திருப்பம் சுலபமாக வந்தது. இரண்டாம் திருப்பத்தில் சுவரோரம் நின்றவளுக்குக் கால் தவறி, அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கிவிட்டது. அவர் அலறினார். அந்த அலறல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. எல்லோரும் அப்படியே உறைந்து நின்றோம்.

"யாரும் கையை மாத்தாதீங்க" என்றாள் இவள். குரலில் நடுக்கமே இல்லை. "ஏங்க, என்னைப் பாருங்க. கர்த்தர் பிடிச்சிருக்காரு."

"அவர் பிடிச்சிருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அவர். "நீயும் பிடிச்சுக்கோ!"

ஜெபக்குழு அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்கக்கூடாது, சிரித்தால் கை தளரும் என்று இவள் அதட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். கண்ணீர் ஒழுக ஒழுக, ஒரு மூலையும் விடாமல், கடைசிப் படியையும் கடந்தோம். மீசைக்காரர் பிடித்து வாங்கி நாற்காலியில் அமர்த்தினார். வாசலுக்குத் தள்ளினோம். தெருவைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு, "பசிக்குது" என்றார். அதைக் கேட்டு இவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

புண் ஆற நாளாயிற்று. சில நாள் மறுபடி காய்ச்சல் வந்து பயமுறுத்தியது. காலில் இன்றுவரை உணர்ச்சி வரவில்லை. இதை நான் மறைக்காமல் எழுதவேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சபையிலும் எழுந்து அவளே சொன்னாள்: நடந்து வருவார் என்று உங்கள் முன்னால் சொன்னேன், வரவில்லை, உருண்டுதான் வந்திருக்கிறார், என் தேவன் மாறவில்லை என்று. அந்த சாட்சிக்கு ஆமென் வர ஒரு நொடி தாமதமாயிற்று. வந்தபோது அது போன தடவையைவிடக் கனமாக இருந்தது. கடைசி வரிசையில் பெஞ்சு ஓரத்தில் அவருக்கு இப்போது ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். காலுக்காக அவள் ஜெபிப்பதும் நிற்கவில்லை. விடிந்ததும் முழங்கால், அப்புறம்தான் அடுப்பு.

போன வாரம் அவள் வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். முன்பு எங்கள் சபையில் இருந்து, வெளியூர் போய்த் திரும்பி வந்த ஓர் அம்மாள் விசாரிக்க வந்தார். பழைய சாட்சியைக் கேட்டிருந்தவர். மெதுவாக, வருத்தப்படுகிற குரலில் கேட்டார்.

"இன்னும் நடக்கலையாம்மா உன் வீட்டுக்காரர்?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் அவள், துவைத்த சட்டையை உதறிக் கொடியில் போட்டபடி. "இப்ப வேலைக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வாங்க, பாக்கலாம்."